இரண்டு கைலி, ஒரு கவுன்

பாரிமுனை கோடவுன் தெருவில் ஒரு மொத்தத் துணிக்கடை. "மூட்டாத கைலி ரெண்டு வேணும். முழுப் பருத்தி" என்று கேட்டேன். கடைக்காரர் கணக்கு நோட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, "அப்பாவுக்கா, வீட்டுக்காரருக்கா?" என்றார்.

"எனக்குத்தாங்க. கவுன் தைக்கப்போறேன்."

பேனா நின்றது. என்னை ஒரு நொடி பார்த்தார். எழுந்து போய் அடுக்கின் அடியிலிருந்து ஒரு கட்டை உருவிக்கொண்டு வந்தார். "அப்போ அதெல்லாம் வேணாம், இதைப் பாருங்க. குறிஞ்சிப்பாடித் தறிச் சரக்கு" என்று மடிப்பை உதறி விரித்தார். கருநீலத்தில் செம்மண் நிறக் கட்டங்கள், நடுநடுவே மஞ்சளாக ஒற்றை இழை. ஓரத்தில் ஒரு நூலைப் பிரித்துத் தீக்குச்சியில் காட்டினார். காகிதம் போல எரிந்து சாம்பலாக உதிர்ந்தது. பாலியஸ்டர் கலந்திருந்தால் உருகி மணியாகத் திரண்டிருக்கும்.

அந்த இரண்டு கைலியும் இன்று என் அலமாரியில் ஒரு கவுனாகத் தொங்குகின்றன. காலர் வைத்த, முன்பக்கம் பட்டன் போட்ட, இடுப்பில் பொருந்தி அங்கிருந்து குடையாக விரியும் 1950களின் சட்டைக் கவுன். என் கையால் வெட்டி, என் கையால் தைத்தது. அதைப் போட்டுக்கொண்டு பேருந்தில் ஏறியிருக்கிறேன், அலுவலகம் போயிருக்கிறேன், ஒரு நிச்சயதார்த்தத்துக்கும் போயிருக்கிறேன்.

எண்ணுக்குள் அடங்காத உடம்பு

இதெல்லாம் தொடங்கியது ஒரு ரெடிமேட் கடையின் உடை மாற்றும் அறையில். 'எம்' அளவு மார்பில் இழுத்தது. 'எல்' தோளில் சரிந்தது. 'எக்ஸ்எல்' இடுப்பில் சாக்குப்பை போலத் தொங்கியது. மூன்றையும் மடித்துக் கொடுத்துவிட்டு வெளியே வந்தபோது, தப்பு என் உடம்பில் இருப்பதாகத்தான் நினைத்தேன். எனக்கு 43 வயது. மார்பு 38 அங்குலம், இடுப்பு 34. இந்த இரண்டு எண்ணும் ஒன்றாகச் சேர்ந்த உடையை எந்தக் கடையும் எனக்குத் தந்ததில்லை.

இந்த அளவுகளை முதலில் யார் வகுத்தார்கள் என்று தேடிப் படித்தேன். அமெரிக்க வேளாண்மைத் துறைக்காக ரூத் ஓ'பிரையன், வில்லியம் ஷெல்டன் என்ற இருவர் 1939-40இல் ஏறத்தாழ 15,000 பெண்களை அளக்க வைத்தார்கள். ஒவ்வொருவரிடமும் 59 அளவுகள். அறிக்கை 1941இல் வெளிவந்தது. வெள்ளையர் அல்லாத பெண்களின் அளவுகளை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அதை அடித்தளமாகக் கொண்டு 1958இல் அமெரிக்க அரசு பெண்கள் உடைக்கான அளவுத் தரத்தை வெளியிட்டது. பெண்களின் உடம்பு அந்த அட்டவணைக்குள் நிற்கவில்லை. 1983இல் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அதன்பின் ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி எண் போட்டுக்கொள்கிறது. இந்திய உடம்புக்கென்று ஓர் அளவு அட்டவணை வேண்டும் என்று தேசிய ஆடை வடிவமைப்பு நிறுவனமான நிஃப்ட், 25,000 பேரை முப்பரிமாண ஸ்கேனரில் அளக்கும் திட்டத்தை எடுத்ததெல்லாம் மிக அண்மையில்தான்.

இதைப் படித்த அன்று என் மனதிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. எங்கோ, யாரையோ அளந்து போட்ட எண்ணுக்கு நான் பொருந்தவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

நம் வீடுகளில் வேறொரு வழக்கம் உண்டு: அளவு ஜாக்கெட். தையல்காரரிடம் போனால் முதலில் கேட்பது அதைத்தான். நாமும் உள்ளதில் நன்றாகப் பொருந்திய பழைய ரவிக்கை ஒன்றை மடித்துக் கொடுத்துவிட்டு வருகிறோம். கூச்சத்துக்கு அது நல்ல திரை. ஆனால் அந்த ரவிக்கை ஐந்து வருடத்துக்கு முந்திய உடம்பின் நகல். அதற்குப் பின் வந்த பிரசவம், தைராய்டு, தூக்கமில்லாத இரவுகள் எதுவும் அதற்குத் தெரியாது. எத்தனை பெண்கள் பல வருடங்களாகத் தங்கள் உடம்பில் இஞ்ச் டேப்பே படாமல் உடுத்திக்கொண்டிருக்கிறார்கள்! நானும் அவர்களில் ஒருத்தியாகத்தான் இருந்தேன்.

ஏன் அந்தக் காலத்துக் கவுன்?

1947 பிப்ரவரி 12 அன்று பாரிஸில் கிறிஸ்டியன் டியோர் தன் முதல் உடைத் தொகுப்பைக் காட்டினார். ஒடுங்கிய இடை, அதற்குக் கீழே பல கஜம் துணி விரியும் பாவாடை. ஐரோப்பா அப்போதுதான் போரிலிருந்து மீண்டிருந்தது. பிரிட்டனில் 1941 ஜூனில் தொடங்கிய துணி ரேஷன் 1949 மார்ச் வரை நீடித்தது. அங்கே முதல் ஆண்டில் ஒருவருக்குக் கிடைத்தவை 66 கூப்பன்கள். ஒரு கம்பளிக் கவுனுக்கே 11 கூப்பன் போய்விடும். 1943இல் அரசே 'இருப்பதைச் சீர்செய்து உடுத்துங்கள்' என்று கையேடு போட்டுப் பழைய துணியைப் பிரித்துத் தைக்கச் சொல்லிக்கொடுத்தது. அந்தப் பஞ்சத்தில் இருந்தவர்களுக்கு டியோரின் பாவாடை எப்படித் தெரிந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கலாம்.

ஆனால் என் மனம் ஒட்டியது டியோரிடம் அல்ல. அவருடைய உடைக்குள் நிற்க இடையை இறுக்கும் உள்கட்டு வேண்டும். அதே காலத்தில் அமெரிக்காவில் கிளேர் மெக்கார்டெல் என்ற பெண்மணி வேறு வழியில் போய்க்கொண்டிருந்தார். சாதாரணப் பருத்தி, டெனிம். பெண்கள் உடையில் பாக்கெட். பிறர் உதவி இல்லாமல் தானே போட்டுக்கொள்ளும்படி கைக்கு எட்டும் இடத்தில் கொக்கியும் பட்டனும். 1942இல் அவர் வடிவமைத்த வீட்டு வேலைக் கவுன் 6.95 டாலருக்கு விற்றது. 1955 மே மாதம் 'டைம்' இதழின் அட்டையில் அவர் படம் வந்தது. வேலைக்குப் போகிற, தனியாக வாழ்கிற, தன் கதவைத் தானே பூட்டிக்கொண்டு கிளம்புகிற பெண்ணை மனதில் வைத்துத் தைத்தவர் அவர். எனக்கு வேண்டியது அந்தக் கவுன்தான்.

நம் ஊரில் அதற்கு ஒரு தடை உண்டு. கவுன் என்றால் சின்னப் பிள்ளை உடை. பத்து வயதுவரை கவுன், பிறகு பாவாடை சட்டை, பிறகு தாவணி, பிறகு சேலை. இந்தப் படிவரிசையில் விட்டுவந்த கவுனுக்குத் திரும்பிப் போக வழியில்லை. பெரியவளான பிறகு அது நைட்டியாக மட்டும் திரும்பி வந்தது. அதையும் வாசலுக்கு வரும்போது துண்டால் மூடிக்கொள்கிறோம். நாற்பதைத் தாண்டியவள் தெருவில் கவுனோடு நடப்பதற்குத் தைரியம் வேண்டியிருக்கிறது.

கட்டத்தின் நெடும்பயணம்

அந்தத் தைரியத்தில் பாதியை எனக்குத் துணியே கொடுத்தது.

கோடவுன் தெருவிலிருந்து ஜார்ஜ் கோட்டைக்கு நடந்தே போய்விடலாம். 1639இல் கிழக்கிந்தியக் கம்பெனி இந்தக் கரையில் இடம் வாங்கியதே துணிக்காகத்தான். இங்கே துணி மலிவாகவும் நயமாகவும் கிடைத்தது. கம்பெனித் துணியை வெளுத்தவர்கள் குடியிருந்த இடம் வண்ணாரப்பேட்டை. 1734இல் நெசவாளர்களுக்காக அமைத்த சின்னத் தறிப்பேட்டைதான் இன்றைய சிந்தாதிரிப்பேட்டை. இந்த ஊரின் பெயர்களுக்குள்ளேயே தறி ஓடிக்கொண்டிருக்கிறது.

நாம் கைலிக்கட்டம் என்று சாதாரணமாகச் சொல்வது உலகத்துக்கு 'மெட்ராஸ்'. சதுரக் கைக்குட்டைகளாக வெட்டும்படி நெய்த கட்டத்துணி இங்கிருந்து மேற்கு ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேறியது. நைஜீரியாவின் ஆற்றுக்கழிமுகத்தில் வாழும் கலபாரி மக்கள் அதை 'இஞ்சிரி' என்பார்கள். இழைகளைக் கத்தியால் நுணுக்கமாக அறுத்தெடுத்து அதில் புதுக் கோலம் உண்டாக்கி, சடங்குகளுக்கு உடுத்துவார்கள். கரீபியன் தீவுகளான மார்ட்டினிக், குவாடலூப், செயின்ட் லூசியாவில் பெண்கள் தலையில் கட்டுவதும், விழா நாளில் பாவாடையாக உடுத்துவதும் இந்தக் கட்டத்தைத்தான். அங்கே இது பெருமைக்குரிய பாரம்பரிய உடை.

1958இல் நடந்த ஒன்றைத் துணி வியாபாரத்தில் இன்றும் கதையாகச் சொல்வார்கள். வில்லியம் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க இறக்குமதியாளர், பின்னாளில் லீலா ஹோட்டல்களை நிறுவிய கேப்டன் சி.பி. கிருஷ்ணன் நாயரிடம் மெட்ராஸ் கட்டத்துணி வாங்கினார். இயற்கைச் சாயம்; குளிர்ந்த நீரில் மெதுவாக அலசவேண்டிய துணி. நியூயார்க்கின் புரூக்ஸ் பிரதர்ஸ் கடையில் உடைகளாக விற்றபோது அந்தச் செய்தி வாங்கியவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. சலவையில் சாயம் ஓடியது, புகார் குவிந்தது. பிறகு அதையே சிறப்பாகச் சொல்லி விற்றார்கள்: சாயம் ஓடும் என்பதற்கு உத்தரவாதம்! ஒவ்வொரு சலவையிலும் நிறங்கள் ஒன்றோடொன்று கலந்து, உடுத்துகிறவரோடு சேர்ந்து மாறும் துணி. 1960களில் அமெரிக்க இளைஞர்கள் அதைத் தேடி வாங்கினார்கள்.

அதே 1958! பெண்ணின் உடம்பை ஓர் அட்டவணையில் அசையாமல் நிறுத்திவைக்க ஓர் அரசாங்கம் முயன்ற ஆண்டும் அதுதான். நம் துணியோ, உடுத்துகிறவரோடு சேர்ந்து மாறுவதாலேயே விரும்பப்பட்டது. எந்தப் பக்கம் நிற்பது என்பதில் எனக்குக் குழப்பமே வரவில்லை.

அம்மாவின் மெஷின்

எங்கள் வீட்டில் ஒரு கறுப்புத் தையல் மெஷின் இருக்கிறது. கால்மிதி தேய்ந்து வழவழப்பாகிவிட்டது. தெருவில் பாதிப் பேருக்கு அதில்தான் அம்மா ரவிக்கை தைத்தாள். என் கல்லூரிக் கட்டணம் அந்தச் சக்கரத்தில் சுழன்று வந்தது. தமிழ்நாட்டில் தையல் மெஷின் என்றால் பிழைப்பு. சத்தியவாணிமுத்து அம்மையார் பெயரில் அரசு இலவசத் தையல் இயந்திரம் வழங்குவதும், கணவனை இழந்தவர்களும் ஏழைப் பெண்களும் சொந்தக் காலில் நிற்கட்டும் என்றுதான்.

இயந்திரங்களைப் பற்றி எச்சரித்த காந்தி, சிங்கர் தையல் மெஷினை விதிவிலக்காகச் சொன்னார். மனைவி கையால் தைத்து அல்லாடுவதைக் கண்டு, அவள்மீதுள்ள அன்பால் சிங்கர் அதை உருவாக்கினார் என்பது 1924இல் அவர் ஜி. ராமச்சந்திரனிடம் சொன்ன கருத்து. அந்த ராமச்சந்திரன்தான் பின்னாளில் சௌந்தரம் அம்மையாரோடு சேர்ந்து திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை நிறுவினார். அந்த உரையாடலைப் படித்தபோது அம்மாவின் முதுகு நினைவுக்கு வந்தது. இத்தனை வருடம் ஊருக்குத் தைத்தவள், தனக்கென்று ஆசைப்பட்டு அந்த மெஷினில் எதையும் தைத்துக்கொண்டதில்லை. மீந்த துணியில் ஒரு ரவிக்கை, அவ்வளவுதான். நான் அதன்முன் உட்கார்ந்து, எனக்காகவே ஓர் உடை தைக்கப்போகிறேன் என்று நூல் கோத்தபோது கை கொஞ்சம் நடுங்கியது.

காடாவில் ஓர் ஒத்திகை

துணியை வாங்கியதும் வெட்டக்கூடாது. இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, இஸ்திரி போட்டேன். பருத்தி சுருங்கவேண்டியதை முதலிலேயே சுருங்கிவிடட்டும். தண்ணீர் லேசாக நீலம் பாய்ந்தது. சாயம் நின்று தெளியும்வரை மூன்று முறை அலசினேன்.

அடுத்தது அளவு. தினமும் போடும் உள்ளாடையோடு கண்ணாடி முன் நின்று, இடுப்பில் ஒரு நாடாவைக் கட்டிக்கொண்டு பக்கவாட்டில் சாய வேண்டும். உடம்பு எங்கே மடிகிறதோ அதுதான் இடை. நாடா தானே அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். நாம் பாவாடை கட்டும் இடத்துக்கு நன்றாக மேலே இருக்கும் அது. 1950களின் கவுன் முழுவதும் அந்தக் கோட்டை நம்பித்தான் நிற்கிறது. வயிற்றை உள்ளிழுக்காமல் மூச்சு விட்டபடி அளந்து நோட்டில் எழுதினேன். மார்பு 38, இடை 34, அதன்கீழ் 42. முதல்முறையாக அவை வெறும் எண்களாகத் தெரிந்தன. கதவின் அகலம், ஜன்னலின் உயரம் மாதிரி.

நல்ல துணியில் கைவைக்குமுன் மேலுடம்பை மட்டும் காடாத் துணியில் தைத்துப் பார்த்தேன். மார்பில் இழுத்தது, கழுத்துப் பின்னால் தூக்கிக்கொண்டு நின்றது. தெருக்கோடியில் தைக்கும் அக்காவிடம் போட்டுக் காட்டினேன். அவர் என்னை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "வலது தோளு அரை இஞ்ச் இறக்கம்மா உனக்கு. பை மாட்டுற தோளுல்ல" என்றார். "மார்புக்கு அகலம் கூட்டாதே, நீளம் கூட்டு. கூட்டினதைக் கக்கத்துக்குக் கீழ டார்ட்டா மடிச்சுடு." முன்பக்கத்துக்கு ஓர் அங்குலம் கூடுதல் நீளம், அது அப்படியே டார்ட்டுக்குள் போனது. வலது தோளை அரை அங்குலம் தாழ்த்தி வெட்டினேன். காடா என் உடம்பில் அமைதியாக உட்கார்ந்தது. உடை மாற்றும் அறையில் என்னை அழவைத்த அந்தக் குறை, கடைசியில் ஒன்றரை அங்குலக் கணக்கு.

வட்டப் பாவாடை வெட்டலாமா என்று முதலில் ஆசைப்பட்டேன். இடை 34ஐ 6.28ஆல் வகுத்தால் ஏறத்தாழ ஐந்தரை அங்குலம்; நடுவட்டத்தின் ஆரம் அது. ஆனால் வட்டமாக வெட்டினால் கட்டங்கள் கிராஸாகச் சரிந்து போகும். கைலியின் அகலமும் போதாது. எனவே சுருக்குப் பாவாடை. இடையைப் போல மூன்று மடங்கு, 102 அங்குலம். இரண்டு மீட்டர் கைலியிலிருந்து 78 அங்குலப் பட்டை கிடைத்தது; மீதி 24 அங்குலத்தை இரண்டாவது கைலியில் எடுத்தேன். உயரம் 28, கீழ்மடிப்புக்கு 3, மேல் தையலுக்கு 1. மிஞ்சிய துணியில் மேல்சட்டை, காலர், கை, இரண்டு பக்கமும் பாக்கெட். இரண்டு கைலி சரியாகப் போதும்.

கட்டத்துணியில் வேலை அதிகம். இரண்டாக மடித்து வெட்டினால் அடித்துணி நழுவிவிடும். ஒவ்வொரு துண்டையும் ஒற்றையாகப் பரப்பி வெட்ட வேண்டும். பக்கத் தையலில் டார்ட்டுக்குக் கீழேதான் கட்டம் சேரும், மேலே சேராது. எனவே இடையிலிருந்து மேல்நோக்கிக் குண்டூசி குத்தினேன். பட்டன் பட்டியில் மட்டும் மூன்று முறை பிரித்துத் தைத்தேன். மூன்றாவது முறை இடதுபக்க மஞ்சள் இழை வலதுபக்க மஞ்சள் இழையைத் தொட்டபோது, வீட்டில் யாரும் இல்லை. நானே எனக்குக் கைதட்டிக்கொண்டேன். காஜா எடுக்க மட்டும் கடைக்குப் போனேன். கீழ்மடிப்பை இரண்டு மாலைகள் கையால் ஹெம்மிங் செய்தேன். மூன்று அங்குல மடிப்பின் எடைதான் பாவாடையை அழகாக இறக்கிப் பிடிக்கிறது. உள்ளே குடை விரிக்க வெளிநாட்டு உள்பாவாடை எதுவும் தேவைப்படவில்லை. கஞ்சி போட்ட பருத்திச் சேலைப் பாவாடை அந்த வேலையைச் செய்தது.

இழுத்துவிடாத ஒரு நாள்

திங்கட்கிழமை காலை அதைப் போட்டுக்கொண்டு வாசலில் இறங்கினேன். எதிர்வீட்டு மாமி பால் பாக்கெட்டோடு நின்றார். "என்னடி, நைட்டியோடயே கிளம்பிட்டே?" என்றார். குரலில் கெடுதல் இல்லை, அக்கறைதான்.

"நைட்டி இல்ல மாமி. நானே தைச்ச கவுன். பாருங்க, பாக்கெட்கூட இருக்கு." கையை உள்ளே விட்டுக் காட்டினேன். மாமி பக்கத்தில் வந்து காலரைத் தொட்டார், பட்டியில் கட்டம் சேர்ந்திருப்பதைப் பார்த்தார். "கைலித் துணியா இது!" என்று வியந்தார். சாயங்காலம் நான் திரும்பும்வரை அவர் மருமகளிடம் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்.

அன்று எத்தனை பேர் பாராட்டினார்கள் என்பது எனக்கு முக்கியமாகப் படவில்லை. சிலர் பார்த்தார்கள், சிலர் பார்க்கவில்லை. எனக்கு வியப்பாக இருந்தது வேறு. பேருந்துக் கம்பியைப் பிடிக்கக் கை தூக்கியபோது இடுப்பு தெரியுமோ என்று பார்க்கவில்லை. உட்கார்ந்து எழுந்தபோது பின்னால் இழுத்துவிடவில்லை. தோளைச் சரிசெய்யவில்லை, ஊக்கு குத்தவில்லை. காலை எட்டு மணியிலிருந்து இரவு ஏழு வரை ஒருமுறைகூட என் உடையை நான் தொடவில்லை. ஒரு பெண் தன் வாழ்நாளில் எத்தனை ஆயிரம் தடவை உடையை இழுத்துவிடுகிறாள்! அந்தக் கவனம் முழுவதும் அன்று எனக்கே திரும்பி வந்தது. கூட்டத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து பேசினேன். தன்னம்பிக்கை என்று பெரிதாகச் சொல்கிறோமே, அது எனக்கு அன்று இந்த வடிவத்தில்தான் வந்தது.

நடிகை சாவித்திரி மாதிரியோ ஹாலிவுட் நடிகை மாதிரியோ தெரிய வேண்டும் என்று நான் இதைத் தைக்கவில்லை. தைத்து முடித்தபோது என் மாதிரியே இருந்தேன். அது போதுமானதாக இருந்தது. இந்தக் கவுனின் ஒவ்வொரு வளைவும் ஏன் அங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். யாராவது குறை சொன்னால், அந்தக் குறையை எப்படிப் பிரித்துத் தைப்பது என்றும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் காட்டினேன். அவள் முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. தைக்கிறவர்களின் வழக்கப்படி நேராக உட்பக்கத்தைப் புரட்டினாள்.

"உள்ள துணி விட்டிருக்கியா?"

"ஒரு இஞ்ச் விட்டிருக்கேன்மா."

"அப்ப சரி. உடம்பு ஏறினா பிரிச்சுக்கலாம்."

பிறகு வெகுநேரம் அந்த மஞ்சள் இழையைத் தடவிக்கொண்டிருந்தாள். "எனக்குக் கவுனெல்லாம் வேணாம்டி. இந்த மாதிரித் துணியில ஒரு ரவிக்கை தைச்சுக் குடு. சின்ன வயசுல எங்கக்கா போட்டிருந்த மாதிரி, பஃப் கை வச்சு." உள்ளே போய்ப் பழைய ஜாக்கெட் ஒன்றை அளவுக்கு எடுத்துவந்தாள்.

அதை வாங்கிக் கட்டில்மேல் வைத்துவிட்டு, இஞ்ச் டேப்பை எடுத்தேன். தெருவையே அளந்த அம்மா, கூச்சத்தோடு இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்து நின்றாள். நோட்டில் என் அளவுகளுக்கு எதிர்ப்பக்கத்தில் அவள் பெயரை எழுதினேன். மார்பு, இடை, தோள், கைச்சுற்று. அடியில் ஒரு வரி: உள்ளே ஓர் அங்குலம் விடவும்.